பரணில் ஒருவர், குவிமாடத்தில் ஒருவர்: ஜவ்வாது மலையின் இரண்டு இரவு வேலைகள்

ஆலங்காயத்திலிருந்து ஜமுனாமரத்தூருக்கு ஏறும் மலைச்சாலையில் காவலூர் வருகிறது. ஒரு பக்கம் காடு, காட்டை ஒட்டி மானாவாரிக் கொல்லைகள், மரங்களின் தலைக்கு மேல் வெள்ளைக் குவிமாடங்கள். கடல்மட்டத்துக்கு மேல் சுமார் 725 மீட்டரில் இருக்கிற அந்த வளாகம்தான் வைணு பாப்பு வானாய்வகம். பெங்களூரின் இந்திய வானியற்பியல் நிறுவனம் அதை நடத்துகிறது. அதைத் தாண்டிப் போனால் மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள். கேரளத்து மலையாளிகளுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. மலையில் வாழ்கிறவர்கள் என்பதால் இவர்களுக்கு வந்த பெயர் அது. ஜவ்வாது மலையின் சாமையும் தேனும் புளியும் இவர்கள் கைவழியாகத்தான் சமவெளிக்கு இறங்குகின்றன.

இந்த மலையில் இரவெல்லாம் விழித்திருந்து வேலை பார்க்கிறவர்கள் இரண்டு வகை. கதிர் முற்றிய கொல்லையில் பரண் கட்டி, காட்டுப்பன்றி இறங்காமல் காவல் இருக்கும் விவசாயி ஒரு வகை. குவிமாடத்துக்குள் தொலைநோக்கியை ஒரு விண்மீனின் மேல் நிறுத்திவைத்துக் காத்திருக்கும் வானியலாளரும் அவருடைய உதவியாளரும் இன்னொரு வகை. இந்த இரண்டு வேலைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், இன்று நம் அலுவலகங்களில் ஓயாமல் பேசப்படும் ஒரு கேள்விக்குத் தெளிவான விடை கிடைக்கும் என்று நம்புகிறேன். நல்ல உழைப்பு என்பதை எதைக் கொண்டு அளப்பது என்பதே அந்தக் கேள்வி.

இப்போதைக்கு நாம் அதை மணிக்கணக்கில் அளக்கிறோம். இளைஞர்கள் வாரத்துக்கு 70 மணி நேரம் உழைக்க வேண்டும் என்று இன்ஃபோசிஸ் நாராயணமூர்த்தி 2023 அக்டோபரில் சொன்னார். 2025 ஜனவரியில் எல் அண்ட் டி தலைவர் எஸ்.என். சுப்ரமணியன் அதை 90 மணி ஆக்கினார். நாடெங்கும் வாக்குவாதம் நடந்தது. ஆனால் ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் மணிக்கணக்கை விட்டு வெளியே வரவில்லை. நம் ஊரில் நல்ல வேலைக்காரரைப் பாராட்டுகிறவர்கள் மணியைக் கேட்பதில்லை. கொத்தனாரோ தையல்காரரோ கல்யாணச் சமையல்காரரோ, "அவர் தொழில்ல சுத்தமானவர்" என்பார்கள். சுவருக்குள் மறைந்துபோகிற செங்கல்லுக்கும் அவர் கலவை ஒழுங்காகப் போட்டிருப்பார் என்று அதற்கு அர்த்தம். உட்புறத் தையல் பிரியாது, அடுப்படிக்கு யாரும் எட்டிப் பார்க்காவிட்டாலும் பருப்பில் கல் கிடக்காது என்று அர்த்தம். அந்தத் தொழில் சுத்தம்தான் இந்த ஒப்பாய்வின் அளவுகோல்.

வானம் பார்க்கும் இரண்டு நாட்காட்டிகள்

இரண்டு வேலைக்கும் எசமான் வானம்தான். ஆனால் ஒருவர் கேட்பதை மற்றவர் வேண்டாம் என்பார்.

கோடைமழை நனைத்த மண்ணை உழுதுவைத்து, ஆனி ஆடியில் சாமை விதைக்கிறார்கள். ஆடிப்பட்டம் தேடி விதை என்பது இந்த மலைக்கும் பொருந்தும். தென்மேற்குப் பருவமழை பயிரை வளர்க்கிறது. புரட்டாசி, ஐப்பசி வாக்கில் கதிர் பழுத்து அறுவடைக்கு வருகிறது. அந்த மாதங்களில் காவலூர்த் தொலைநோக்கிகளுக்குப் பெரும்பாலும் மேகம்தான் தெரியும். மழை ஓய்ந்து, களம் காலியாகி, தை பிறந்த பிறகு வானம் துலங்குகிறது. தை முதல் சித்திரை வரை குவிமாடங்களுக்கு நல்ல இரவுகள். கொல்லையின் வேலை முடிகிற இடத்தில் வானாய்வகத்தின் வேலை சூடுபிடிக்கிறது. ஒரே மலை ஆண்டின் இரண்டு பாதிகளை இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுத்திருக்கிறது.

இதிலிருந்து இருவருக்கும் பொதுவான ஒரு பழக்கம் பிறக்கிறது. வானம் தராத நாளில் இருவரும் சும்மா இருப்பதில்லை. கொல்லைக்காரர் கலப்பையைச் சரிபார்க்கிறார், வேலி கட்டுகிறார், புளியும் கடுக்காயும் சேகரிக்கக் காட்டுக்குப் போகிறார். வானாய்வகத்தில் மேகக் காலம் பராமரிப்புக் காலம். தொலைநோக்கியின் பெரிய ஆடிமேல் பூசிய மெல்லிய அலுமினியப் படலம் நாளாக நாளாக மங்கும். ஆடியை இறக்கி, பழைய பூச்சைக் கழுவி, வெற்றிடக் கலத்தில் வைத்து மறுபடி பூச வேண்டும். ஒரு விரல் ரேகை பட்டாலும் கெட்டது. இந்த வேலையில் எந்தக் கண்டுபிடிப்பும் வராது, யாருடைய பெயரும் செய்தித்தாளில் வராது. ஆனால் இது ஒழுங்காக நடக்காவிட்டால் தை மாதத்து நல்ல இரவுகள் அத்தனையும் வீண்.

கேட்க ஆளில்லாத நேரம்

தொழில் சுத்தத்தைச் சோதிக்க விடியற்காலை மூன்று மணியைவிடப் பொருத்தமான நேரம் கிடையாது. இரண்டு வேலையையும் அப்படி யாரும் பார்க்காத நேரத்தில் வைத்துப் பார்ப்போம்.

விண்மீன் ஒளியை ஒளிப்படத் தகட்டில் பதிந்த காலத்து வானியலாளரை எடுத்துக்கொள்வோம். மங்கலான ஒரு விண்மீனின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் பதிய ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ பிடிக்கும். பூமி சுழல்வதற்கு ஈடாகத் தொலைநோக்கி தானே நகரும். என்றாலும் அந்த நகர்வில் சிறு பிசகு இருந்துகொண்டே இருக்கும். ஆகவே அவர் கண்வில்லையில் கண்ணை வைத்து, குறுக்கிழைகளின் நடுவே விண்மீன் நிற்கிறதா என்று பார்த்தபடி, கையிலிருக்கும் பொத்தானை அழுத்தி அழுத்தி அதை நடுவிலேயே நிறுத்த வேண்டும். குவிமாடம் திறந்திருப்பதால் மலைக்குளிர் உள்ளே இறங்கும். ஹீட்டர் போட முடியாது. வெப்பக்காற்று கலைந்தால் படிமம் நடுங்கும். இப்படி இருக்கும்போது ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் விண்மீன், ஒளி நுழையும் பிளவைவிட்டு விலகிவிடும், தகடு பாழாகும். அப்போது பதிவேட்டில் "மேகம்" என்று எழுதிவிட்டால் போதும். அந்த இரவில் மேகம் வந்ததா இல்லையா என்று பிற்பாடு யார் கேட்பது?

இன்று கணினி அந்தக் காவலைப் பெரும்பாலும் ஏற்றுக்கொண்டிருக்கிறது. ஆய்வாளர் கட்டுப்பாட்டு அறையில் திரைக்கு முன்னால் உட்கார்கிறார். ஆனால் சோதனை இடம் மாறியிருக்கிறதே தவிர நீங்கவில்லை. விண்மீனைப் படமெடுத்தால் மட்டும் போதாது. கருவியின் குறைகளைக் கழிப்பதற்கான அளவீட்டுப் படங்களையும் அந்தியிலும் விடியலிலும் தனியாக எடுக்க வேண்டும். அதைத் தூக்கக் கலக்கத்தில் ஒருவர் விட்டுவிட்டால் படம் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். அதிலிருந்து வரும் எண் மட்டும் தப்பாக இருக்கும். அந்தத் தப்பு எத்தனை வருடம் கழித்து யார் தலையில் விழும் என்று சொல்ல முடியாது.

இப்போது சாமைக்கு வருவோம். சாமைப் பயிர் முளைத்து வருகையில் புல்லும் அதுவும் ஒரே சாயல். கைவிதைப்பாகத் தூவிய கொல்லையில் வரிசை கிடையாது. குனிந்து, தாளைக் கண்டு, கையால்தான் களை பிடுங்க வேண்டும். அதைவிடக் கடினம் அறுவடைக்குப் பின் வருகிற வேலை. சாமை மணி கடுகைவிடக் கொஞ்சம்தான் பெரிது. உமி இறுகப் பிடித்திருக்கும். உரலில் ஒரு தடவை குத்தினால் போகாது. குத்தி, முறத்தில் புடைத்து, உமி நீங்காத மணியைப் பிரித்து மறுபடி உரலில் போட வேண்டும். அப்புறம் கல். களத்து மண்ணிலிருந்து ஏறிய பொடிக்கல் சாமையின் பருமனிலேயே இருக்கும். முறத்தைப் பக்கவாட்டில் ஆட்டிக் கொழித்தால் கனமான கல் ஓரத்துக்கு ஒதுங்கும். எஞ்சிய கல்லைச் சமைக்கும்போது தண்ணீரில் அரித்து எடுக்க வேண்டும். முறத்தை ஆட்டும் கையின் வேகத்திலும் சாய்விலும் இருக்கிறது வித்தை. வேகம் கூடினால் கல்லோடு மணியும் போகும், குறைந்தால் கல் தங்கும். இந்த வேலையை மலையில் பெரும்பாலும் பெண்களே செய்து வந்திருக்கிறார்கள். வேலூரிலோ சென்னையிலோ யாரோ ஒரு வீட்டில் அந்தச் சாமைச் சோற்றைச் சாப்பிடுகிறவரின் பல்லில் கல் கடிபடாமல் இருந்தால், அந்த நிம்மதிக்குக் காரணமான கையை அவர் ஒருநாளும் பார்க்கப்போவதில்லை.

பதிவேட்டில் உண்மையை எழுதும் வானியலாளரும், முறத்தை மூன்றாம் தடவை ஆட்டும் பெண்ணும், எதிரில் இல்லாத ஒருவருக்காகச் செய்கிறார்கள். அவர் வந்து கேட்கப்போவதில்லை. கேட்கவும் அவருக்கு வழியில்லை. தொழில் சுத்தத்தின் வேர் இங்கேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

பிழையை என்ன செய்வது

நல்ல வேலைக்காரர் பிழையே செய்யாதவர் என்ற எண்ணம் நம்மிடம் உண்டு. காவலூரின் சரித்திரம் வேறொன்றைச் சொல்கிறது.

1977 மார்ச் 10 இரவு யுரேனஸ் கோள் ஒரு விண்மீனின் முன்னால் கடந்துபோக இருந்தது. உலகின் பல இடங்களில் வானியலாளர்கள் காத்திருந்தார்கள். காவலூரில் 1 மீட்டர் தொலைநோக்கியில் ஜே.சி. பட்டாச்சாரியாவும் கே. குப்புசாமியும் விண்மீனின் ஒளியைப் பதிந்துகொண்டிருந்தார்கள். கோள் நெருங்குவதற்கு முன்பே, யாரும் எதிர்பாராத நேரத்தில், விண்மீனின் ஒளி சில நொடிகள் சரிந்து மீண்டது. அசட்டை செய்யவோ, மெல்லிய மேகம் என்று தள்ளிவிடவோ எளிதாக இடமிருந்த சரிவு அது. அவர்கள் அப்படிச் செய்யவில்லை. கண்டதைக் கண்டபடி பதிந்து, யுரேனஸுக்குப் புதிய துணைக்கோள் ஒன்று இருக்கலாம் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். அவர்கள் செய்த ஊகம் சரியல்ல. இந்தியப் பெருங்கடலின் மேல் பறந்த அமெரிக்க விமான ஆய்வகத்தில் ஜேம்ஸ் எலியட் குழு எடுத்த பதிவுகள் வேறு கதை சொல்லின: கோளைச் சுற்றி மெல்லிய வளையங்கள் இருந்தன. ஆனால் காவலூரின் பதிவு வீணாகவில்லை. அவர்கள் பார்த்த சரிவு அந்த வளையங்களில் ஒன்றினுடையது. ஊகம் தவறியும் பதிவு நேர்மையாக இருந்ததால், யுரேனஸ் வளையங்களின் கண்டுபிடிப்பில் ஜவ்வாது மலைக்கும் பங்கு கிடைத்தது.

கொல்லையில் பிழைக்கு ஒளிய இடமே கிடையாது. கொல்லை வழியோரத்தில் கிடக்கிறது. ஊரே அதைக் கடந்துதான் போகிறது. முளைப்பு குறைந்திருந்தால் டீக்கடையில் பேச்சு வரும்.

"என்ன மாமா, சாமை அங்கொண்ணும் இங்கொண்ணுமா நிக்குது?"

"விதை கொஞ்சம் ஈரத்தோட கட்டி வெச்சுட்டேன் மாப்ள. உன்கிட்ட இருந்தா ரெண்டு படி குடு, இடைவெளியில தூவிடுறேன்."

இப்படிப் பிழையை ஒப்புக்கொள்வதும் விதை கேட்பதும் ஒரே மூச்சில் நடக்கிற ஊரில் பிழை குடும்பத்தை அழிக்காது. அடுத்த வீட்டுக்காரர் அந்தப் பருவத்தில் விதையை நன்றாகக் காயவைப்பார். வானாய்வகத்தில் இதே வேலையைப் பதிவேடும் ஆய்விதழும் செய்கின்றன. பிழையைச் சொல்கிறவர் அவமானப்படாத இடத்தில்தான் தொழில் சுத்தம் தங்கும் என்பதில் கொல்லையும் குவிமாடமும் ஒன்றுபோலவே இருக்கின்றன.

பின்னால் வருகிறவர்

இந்த மலைக்கு விண்மீன் ஆய்வைக் கொண்டுவந்தவர் மணாலி கல்லாட் வைணு பாப்பு. 1927-இல் சென்னையில் பிறந்தவர். 1960-இல் கொடைக்கானல் வானாய்வகத்தின் இயக்குநராக வந்தார். தெற்கு வானத்தையும் சேர்த்துப் பார்க்கத்தக்க இருண்ட இடம் தேடி அவர் தேர்ந்தது காவலூர். 1968-இல் சொந்தப் பட்டறையிலேயே செய்த 38 சென்டிமீட்டர் தொலைநோக்கியோடு அங்கே வேலை தொடங்கியது. 1972-இல் கார்ல் சைஸ் நிறுவனத்தின் 1 மீட்டர் தொலைநோக்கி வந்தது. அடுத்து, இந்தியாவிலேயே வடிவமைத்துச் செய்யும் 2.3 மீட்டர் தொலைநோக்கி அவருடைய பெருங்கனவு. அந்தப் பெரிய ஆடி பெங்களூரில் இழைக்கப்பட்டது. ஒளியின் அலைநீளத்தில் ஒரு சிறு பின்னம்கூடப் பிசகாத வளைவு வரும்வரை இழைப்பதும் சோதிப்பதுமாக ஆண்டுக்கணக்கில் நீண்ட வேலை அது.

1982 ஆகஸ்டில் மியூனிக் நகரில் பாப்பு காலமானார். தொலைநோக்கி அப்போது முடிந்திருக்கவில்லை. தலைவர் போன பிறகு ஆடியைச் சோதித்துக்கொண்டிருந்தவர்கள், "இவ்வளவு போதும்" என்று எந்த இடத்திலும் நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. 1986 ஜனவரி 6 அன்று பிரதமர் ராஜீவ் காந்தி அந்தத் தொலைநோக்கிக்கும் வானாய்வகத்துக்கும் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். வந்து பார்க்க முடியாத ஒருவருக்காக முடிக்கப்பட்ட வேலை என்றே நான் அதை நினைத்துக்கொள்கிறேன்.

கொல்லையில் இதற்கு இணை, விதை எடுத்துவைக்கிற வேலை. களத்தில் கதிரடிப்பதற்கு முன்பே நல்ல மணி பிடித்த, நோயில்லாத கதிர்களைத் தனியாகக் கட்டி வைக்கிறார்கள். காயவைத்து, வேப்பிலையோ நொச்சியோ போட்டு, பானையில் வாய்கட்டி வைக்கிறார்கள். பஞ்ச காலத்திலும் அந்தப் பானையில் கைவைக்கக் கூடாது என்பது உழவர் வீட்டின் கட்டுப்பாடு. வயிறு காயும்போது எதிரே சோறாகக்கூடிய மணி இருக்க, அதை அடுத்த வருடத்துக்கென்று விட்டுவைப்பதற்கு எவ்வளவு உறுதி வேண்டும் என்று யோசித்துப் பாருங்கள். தேன் எடுக்கிறவரும் கூட்டின் ஒரு பகுதியைத் தேனீக்கு விட்டுவிட்டு இறங்குகிறார். அடுத்த ஆண்டு அந்த மரத்துக்கு வருகிறவர் அவராக இல்லாமலும் போகலாம்.

தொழிலை வழிபாடாக நினைக்கும் பண்பு ஐரோப்பியச் சீர்திருத்தக் கிறித்தவத்தில் வேர்விட்டது என்று ஜெர்மானிய அறிஞர் மாக்ஸ் வேபர் 1904-05-இல் எழுதினார். இன்றைய நிறுவனப் பயிற்சி வகுப்புகளில் அந்தக் கருத்தின் சாயல் இன்னும் இருக்கிறது. விதைப்பானையின் வாயைக் கட்டிய கை எந்தப் பயிற்சி வகுப்புக்கும் போனதில்லை.

எங்கே பிரிகின்றன

ஒற்றுமைகளை மட்டும் சொல்லி முடித்தால் இது அரைகுறை ஆய்வு. இரண்டு வேலைகளுக்கும் இடையில் மூன்று பெரிய வேறுபாடுகள் இருக்கின்றன. மூன்றும் வேலையாளின் குணத்தால் வந்தவை அல்ல. வேலையைச் சுற்றி நாம் கட்டியிருக்கும் ஏற்பாட்டால் வந்தவை.

முதலாவது பெயர். 1988 பிப்ரவரியில் ஆர். ராஜமோகன் தலைமையில் நடந்த கல்கி என்ற தேடல் திட்டத்தில், காவலூரின் ஷ்மிட் தொலைநோக்கி வழியாகப் புதிய சிறுகோள் ஒன்று கண்டுபிடிக்கப்பட்டது. சென்னை வானாய்வகத்தில் நார்மன் போக்சன் கண்ட சிறுகோள்களுக்குப் பிறகு, நூறு ஆண்டுகளுக்கும் மேலாக இந்தியாவிலிருந்து யாரும் கண்டிராத ஒன்று. அதற்கு 4130 ராமானுஜன் என்று பெயர் வைத்தார்கள். கண்டவர் பெயர், நாள், இடம் எல்லாம் உலகப் பட்டியலில் இருக்கின்றன. மலைச்சாமைக்கு அப்படி எதுவும் இல்லை. மூட்டை கட்டி அடிவாரம் இறங்கினதும் எந்த ஊர்க் கொல்லை, யார் காத்த விதை என்ற சேதி அறுந்துபோகிறது. நன்றாகச் செய்தவருக்கும் ஏனோதானோ என்று செய்தவருக்கும் ஒரே சாக்கு.

இரண்டாவது, நட்டத்தை யார் தாங்குவது. மேகம் மூடிய இரவுக்கும் வானியலாளருக்குச் சம்பளம் உண்டு. அது சலுகை இல்லை, அறிவான ஏற்பாடு. மேகத்துக்காகச் சம்பளத்தைப் பிடித்தால், மேகமிருந்த இரவிலும் ஏதோ பார்த்ததாக எழுத ஆசை வரும். "இன்று ஒன்றும் கிடைக்கவில்லை" என்று உண்மையை எழுதும் துணிச்சலை அந்த மாதச் சம்பளம் காப்பாற்றுகிறது. மழை பொய்த்த வருடம் சாமைக் கொல்லைக்காரருக்கு அப்படி ஒரு தாங்கல் கிடையாது. முழு நட்டமும் அவர் வீட்டு அடுப்பில் தெரியும்.

மூன்றாவது, நேர்மைக்குக் கிடைக்கும் விலை. மூன்று தடவை கொழித்துக் கல் நீக்கிய சாமைக்கும் கொழிக்காத சாமைக்கும் வியாபாரி ஒரே விலை கொடுத்தால், மூன்றாவது தடவை முறத்தைத் தூக்குவதற்கு வீட்டின் பழக்கத்தைத் தவிர வேறு காரணம் இருக்காது. பழக்கம் ஒரு தலைமுறை தாங்கும், இரண்டு தாங்கும். அதற்கு மேல் தாங்கச் சொல்வது அநியாயம். ஜமுனாமரத்தூரில் பழங்குடியினர் கூட்டுறவுச் சங்கம் தேனையும் சிறுதானியத்தையும் வாங்கி விற்பதும், திருவண்ணாமலை அருகே அத்தியந்தலில் வேளாண் பல்கலைக்கழகத்தின் சிறுதானிய மகத்துவ மையம் ஏ.டி.எல். 1 போன்ற சாமை ரகங்களை வெளியிடுவதும் இந்த இடைவெளியை அடைக்கும் முயற்சிகள். 2023-ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாகக் கொண்டாடியது. கொண்டாட்டத்தின் பலன் முறம் பிடித்த கைக்கு எவ்வளவு போய்ச் சேர்கிறது என்பதை வைத்தே அதை மதிப்பிட வேண்டும்.

பிடி இல்லாத உழைப்பு

இந்த மலையைப் பற்றி எழுதுகிறவர் 2015 ஏப்ரல் 7-ஐ விட்டுவிட்டு எழுதக் கூடாது. ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்ட வந்தவர்கள் என்று சொல்லி 20 தமிழர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் அவர்களில் அதிகம்; ஜவ்வாது மலை மக்களும் இருந்தார்கள். மழை பொய்த்து, கொல்லை சோறு போடாத வருடங்களில் இந்த மலையிலிருந்து ஆட்கள் கட்டட வேலைக்கும் தோட்ட வேலைக்கும் வெளியே போகிறார்கள். அந்த ஓட்டத்தில் செம்மரம் வெட்ட ஆள் பிடிக்கும் தரகர்கள் கையில் சிக்கியவர்களும் உண்டு.

மலைக்காரர்கள் உழைக்க மாட்டார்கள் என்று சமவெளியில் பேசுவோரைக் கேட்டிருக்கிறேன். இரவெல்லாம் பரணில் விழிக்கிற, சுமையோடு மலையேறுகிற, சாமை மணியில் கல்லைக் கண்டுபிடிக்கிற அதே உடம்பும் அதே கையும்தான் தரகரோடும் போயிருக்கின்றன. உழைப்பில் குறையில்லை. ஆனால் அங்கே வேலையின் பலன் யாருக்குப் போகிறது என்று தெரியாது. எது சரி, எது தப்பு என்று சொல்ல உரிமை இல்லை. பிடிபட்டால் தாங்க ஆளில்லை. வேலையின்மேல் செய்கிறவருக்குப் பிடி இல்லாவிட்டால் உழைப்பு வெறும் சுமையாகிறது. அந்த இடத்தில் போய்த் தொழில் சுத்தம் பற்றிப் பாடம் நடத்த யாருக்கும் தகுதியில்லை.

நம் அலுவலகங்களுக்கு

இந்த ஒப்பீட்டிலிருந்து சென்னையின் பழைய மாமல்லபுரம் சாலை அலுவலகத்துக்கும், திருப்பூர் பனியன் கம்பெனிக்கும், மாவட்ட மருத்துவமனைக்கும் என்ன கொண்டுபோகலாம்?

ஒரு செவிலியர் இரவு இரண்டு மணிக்கு நோயாளியின் ரத்த அழுத்தத்தை அளக்காமலேயே போன தடவை இருந்த எண்ணை எழுதலாம். மென்பொருளைச் சோதிக்கிறவர் ஓட்டிப் பார்க்காத சோதனைக்கு "சரி" போடலாம். தரம் பார்க்கிறவர் பெட்டியில் மேலே இருக்கும் பத்துச் சட்டையை மட்டும் பார்க்கலாம். மூன்றும், வராத மேகத்தைப் பதிவேட்டில் எழுதுகிற வேலைதான். விரல்ரேகை வருகைப்பதிவுக் கருவிக்கு இவை எதுவும் தெரியாது. ஆள் உள்ளே வந்ததும் வெளியே போனதும் மட்டுமே அதற்குத் தெரியும். 70 மணி, 90 மணி என்ற பேச்சின் குறையும் இதுதான். தூக்கமில்லாத கண்தான் முதலில் அளவீட்டுப் படத்தை விட்டுவிடும். சோர்ந்த கைதான் முறத்தை இரண்டாம் ஆட்டத்தோடு கீழே வைக்கும். நீண்ட நேரம் தொழில் சுத்தத்தைத் தின்றுவிடும். 2023 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறிய 12 மணி நேர வேலைக்கான திருத்தத்தைத் தொழிற்சங்கங்கள் எதிர்த்ததும், அரசு அதைத் திரும்பப் பெற்றதும் இந்த வகையில் நல்ல முடிவு. நாட்டிலேயே முதல் மே தினத்தை 1923-இல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடிய மண் இது.

ஆகவே பொறுப்பு இரண்டு பக்கமும் இருக்கிறது. வேலை செய்கிறவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டியது ஒன்று: என் வேலையை நாளை கையில் எடுக்கப்போகிற முகம் தெரியாத ஆளுக்கு நான் உண்மையை விட்டுவைக்கிறேனா? அவர் அடுத்த ஷிப்டில் வருகிற செவிலியராக இருக்கலாம். ஐந்து வருடம் கழித்து அந்த மென்பொருளைத் திருத்தப்போகிற இளைஞராக இருக்கலாம். வேலை வாங்குகிறவர் கேட்டுக்கொள்ள வேண்டியது மூன்று. நன்றாகச் செய்தவரின் பெயர் வேலையோடு சேர்ந்து போகிறதா? "இன்று ஒன்றும் கிடைக்கவில்லை" என்று ஒருவர் துணிந்து சொன்னால் அவர் சம்பளம் பத்திரமாக இருக்கிறதா? மூன்றாம் தடவை கொழித்தவருக்கும் கொழிக்காதவருக்கும் ஒரே விலைதானா? இந்த மூன்றுக்கும் நல்ல பதில் வைத்திருக்கிற இடத்தில் தொழில் சுத்தத்தைப் பற்றிச் சுவரொட்டி ஒட்ட வேண்டியதில்லை.

தை மாதத்தில் ஒருமுறை காவலூருக்குப் போய் வாருங்கள். அறுத்த கொல்லைகள் வெறுமையாகக் கிடக்கும். மேலே இருக்கும் ஊர்களில் விதைப்பானைகளின் வாய் கட்டியாகிவிட்டிருக்கும். இருட்டியதும் குவிமாடத்தின் கதவு விலகும்; உள்ளே ஒருவர் பதிவேட்டைத் திறந்து தேதியும் நேரமும் வானத்தின் நிலையும் எழுதத் தொடங்குவார். மலையின் இருட்டு அவருக்கு வேண்டும். அந்த இருட்டை இத்தனை காலமும் காத்துத் தந்தவை சுற்றியிருக்கும் ஊர்களும் காடும்தான். கீழே திருப்பத்தூர், வாணியம்பாடிப் பக்கத்து விளக்கொளி வருடாவருடம் ஏறிவருகிறது. விளக்கின் தலைக்கு ஒரு மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்கு மட்டும் அனுப்பினால் ஊருக்கும் வெளிச்சம் இருக்கும், வானத்துக்கும் இருட்டு மிஞ்சும். அந்த மூடியை மாட்டப்போகும் மின்வாரியத் தொழிலாளிக்கும், அவருக்கு அந்த வேலையைக் கொடுக்கப்போகும் அதிகாரிக்கும், குவிமாடத்துக்குள் இருப்பவர் யாரென்று தெரியாது. தெரியாமலேயே அவருக்காக அதை ஒழுங்காக மாட்டினால், ஜவ்வாது மலையில் மூன்றாவதாக ஒரு தொழில் சுத்தம் சேரும்.